1/24 ஸ்ட்ராடோஸ்: பின் மூடிக்குள்ள ஒண்ணுமே இல்ல, எஞ்சினை கையாலயே கட்டலாம்னு இருக்கேன்

நீலஸ்ட்ராடோஸ்

பரண்ல கிடந்த 1/24 (நிஜத்துல 24ல ஒரு பங்கு) லான்சியா ஸ்ட்ராடோஸ் பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒரு வழியா கீழ இறக்கியாச்சு. எழுபதுகள்ல ரேலில ஓடுன இத்தாலிய கார் இது. பாடி, வீல், சஸ்பென்ஷன் எல்லாம் அருமையா குடுத்திருக்கான், ஆனா எஞ்சின் கிடையாது, பின் மூடி பாடியோட ஒட்டியே வருது, கவுத்துப் பாத்தா சம்ப் (எஞ்சின் அடி எண்ணெய்த் தொட்டி) மாதிரி ஒரு மேடு, அவ்ளோதான். இந்தக் கார்ல எஞ்சினை மூடி வைக்க எனக்கு மனசு வரல. சர்வீஸ்ல நிக்கற பழைய படம் எதை எடுத்தாலும் முன் மூடி முன்னாடி சாஞ்சிருக்கும், பின் மூடி பின்னாடி சாஞ்சிருக்கும், நடுவுல கேபின் மட்டும் தனியா நிக்கும், அந்த கோலம்தான் ஸ்ட்ராடோஸே.

பண்ணப் போறது 1979 மாண்டி கார்லோ ரேலில ஜெயிச்ச டார்னிஷ் - மாஹே ஜோடியோட நீலக் கார். அந்த வருஷம் ஃபோர்டு எஸ்கார்ட்ல வந்த வால்டிகார்டை வெறும் 6 செகண்ட்ல முந்துன வண்டி. அலிடாலியா விமான கம்பெனி ஸ்பான்சர் பண்ண பச்சை சிவப்பு கார் எல்லாரும் பண்ணிட்டாங்க, அதான் இது.

எஞ்சின் ஃபெராரி டினோ வி6, 2418 சிசி, ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவுல 65 டிகிரி, குறுக்கால படுத்திருக்கும். இதுக்கு மேல எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பிளாக் அளவு எப்படி எடுக்கறது? கார்புரேட்டர் மேல நிக்கற ட்ரம்பெட் (காத்து உள்ள போற புனல் வாய்க் குழல்) ஆறும் ஒரே மாதிரி வரணுமே, அதை எதுல செய்யறது? பிளக் ஒயருக்கு எது சரியா இருக்கும்? வெளிநாட்டுல இருந்து டீடெயில் செட் வரவழைச்சா கிட்டை விட விலை ஜாஸ்தி, கஸ்டம்ஸ் வேற, அதனால இங்க கிடைக்கறதை வெச்சே முடிக்கணும்.

அரைமில்லி

நல்ல கார் தம்பி. பிளாஸ்டிக்ல கத்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எஞ்சின் பே மாடல்ல பார்ட் குறைஞ்சு போச்சுன்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, பார்ட் தடியா இருந்தா சின்னப் பையன் கூட கண்டுபிடிப்பான். எனக்குத் தெரிஞ்சு நல்லா கட்டுன பாதி எஞ்சின் கெட்டுப் போறது இதனாலதான், ஒயர் வெச்சிருப்பாங்க, ஹோஸ் வெச்சிருப்பாங்க, எல்லாமே இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு தடிமன்.

கணக்கு சுலபம், நிஜ அளவை 24ஆல வகுங்க. பிளக் ஒயர் நிஜத்துல 7 மி.மீ., உங்களுக்கு 0.29. பிரேக் பைப் 4.75 மி.மீ., உங்களுக்கு 0.2. ரேடியேட்டர் ஹோஸ் 38 மி.மீ.ன்னு வெச்சுக்கிட்டா 1.6. எம்8 போல்ட் தலை 13 மி.மீ., அது 0.54. இதை ஒரு தாள்ல எழுதி மேஜை மேல ஒட்டிட்டு, வெர்னியர் காலிப்பர் எடுத்துட்டு கடைக்குப் போங்க, கண்ணால பாத்து வாங்காதீங்க.

அப்புறம் முக்கியமா மூடி. நிஜ ஸ்ட்ராடோஸோட ரெண்டு மூடியும் ஃபைபர் கிளாஸ், 3 மி.மீ.ன்னே வெச்சாலும் 1/24ல 0.125. கிட் பிளாஸ்டிக் 1.2 மி.மீ. இருக்கும், அதாவது நிஜத்துல கிட்டத்தட்ட 29 மி.மீ., வீட்டுக் கதவு கனம்! மூடியை அறுத்ததும் உள்பக்கத்துல இருந்து ஓரத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி மெலிசாக்குங்க, முழுசா மெலிசாக்க வேணாம், கண்ணுக்குத் தெரியறது ஓரம்தான். இது ஒண்ணைப் பண்ணாலே மாடல் வேற லெவலுக்குப் போயிடும், எஞ்சின்ல பத்து பார்ட் கம்மியா இருந்தாலும் பரவால்ல.

ரெசின்ராஜா

ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம். டினோ வி6 3டி ஃபைல் தேடுனா கிடைக்கும், ரெசின் பிரிண்டர்ல 0.05 லேயர்ல போட்டா ஒரு ராத்திரில எஞ்சின் ரெடி. காலைல கழுவி யூவி காட்டி பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது. ஸ்க்ராட்ச் பில்டு, எல்லாத்தையும் கையாலயே கட்டறேன்னு வருஷக்கணக்கா உக்காந்து கடைசில பாதில விட்ட ஆளுங்கதான் அதிகம்.

நீலஸ்ட்ராடோஸ்

@ரெசின்ராஜா பிரிண்ட் பண்ணா கார் முடியும், ஆனா நான் உக்கார்றதே கட்டறதுக்குத்தான் ப்ரோ. கார்புரேட்டர் மட்டும் யோசிக்கறேன், ஏன்னா அது மூணும் அச்சு மாறாம இருக்கணும்.

@அரைமில்லி சார், அந்தக் கதவுக் கணக்கைப் பாத்து ஆடிப் போயிட்டேன். பிளாக் அளவு?

யாழ்_மெக்கானிக்

தம்பி, நான் கராஜ் வேலை செய்யிறனான், மொடல் செய்யிறது பின்னேரப் பொழுதுபோக்கு. பிளொக் அளவு தேடித் திரியத் தேவையில்லை, தெரிஞ்ச அளவொண்டை வைச்சு படத்தில இருந்து எடுக்கலாம். ஸ்ட்ராடோஸ் வீல்பேஸ் (முன் வீல் நடுவில இருந்து பின் வீல் நடு வரைக்கும்) 2180 மி.மீ., உங்கட அளவில 90.8. ரோட் காரின்ர பின் ட்ராக் 1460, அது 60.8. முதல்ல உங்கட கிட்டின்ர வீல்பேஸை அளந்து பாருங்கோ, அது 91க்குக் கிட்ட வந்தா கிட்டை நம்பலாம். பிறகு பின்னுக்கு நேரா நிண்டு எடுத்த படமொண்டைப் பிடிச்சு, டயர் நடுவில இருந்து டயர் நடு வரைக்கும் இத்தனை எண்டு வைச்சு, எஞ்சின் எத்தனை பங்கு வருது எண்டு கணக்குப் பாருங்கோ. சாய்வா எடுத்த படத்தில அளந்தா சரிவராது. ரலி கார் அகலம் கூட, அதால அளக்கிற படம் ரோட் காராவே இருக்கட்டும், எஞ்சின் வெளி அளவு ஒண்டுதான்.

65 பாகை எண்டதை வடிவா வைச்சுக்கொள்ளுங்கோ. சாதாரண வி6 60 பாகை, இதில அஞ்சு பாகை கூட்டினதே நடுவில இன்டேக்குக்கும் கார்புரேட்டருக்கும் இடம் காணவேணும் எண்டுதான். 60இல கட்டினா மூண்டு வெபர் கார்புரேட்டரும் உள்ளுக்க நெருக்குப்பட்டு நிக்கும், பாக்கிற ஆளுக்கு காரணம் தெரியாது, ஆனா ஏதோ பிழை எண்டு விளங்கும். அட்டையில 65 பாகை முக்கோணம் ஒண்டு வெட்டி அதுக்கு மேல ரெண்டு பாங்கையும் (மூண்டு மூண்டு சிலிண்டர் வரிசை) சாத்தி ஒட்டுங்கோ.

இன்னொண்டு, இந்த எஞ்சின்ல கியர்பொக்ஸ் தனியா பின்னுக்கு நீளாது, கிராங்குக்குக் கீழயும் பின்னுக்குமா எஞ்சினோடயே சேர்ந்து இருக்கும். அதால மேல இருந்து பாக்கேக்க பின்பக்கம் வெறுமையா விடக்கூடாது. பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டுக்கும் ஒரே வெள்ளி நிறம் அடிக்கிற ஆக்களைக் கண்டா எனக்குக் கோவம் வரும்.

பத்தர்மகன்

கோயமுத்தூர்ல இருந்துங்க. எங்க வீட்டுல நகைப் பட்டறை, அதனால இந்த மாதிரி பொடி வேலைக்கு ஆயுதத்துக்குப் பஞ்சமில்லீங்க.

கம்பிக்கு நீங்க கடை கடையா அலைய வேண்டாமுங்க. பட்டறைல கம்பி இழுக்கற துளைத்தட்டு இருக்கும், பெரிய துளையில இருந்து சின்னத் துளை வரைக்கும் வரிசையா, செம்புக் கம்பியை பழுக்கக் காச்சி ஆற வெச்சு ஒவ்வொரு துளையா இழுத்துட்டே போனா நீங்க கேக்கற 0.29 என்ன, 0.2 கூட வரும். பக்கத்துல தெரிஞ்ச பத்தர் யாராச்சும் இருந்தா கேளுங்க, இழுத்துக் குடுப்பாங்க. காச்சாம இழுத்தீங்கன்னா பாதில அறுந்துக்கும்.

ட்ரம்பெட்டுக்கு என் வழி சொல்றனுங்க. முதல்ல நம்ம ஊர் லேத் பட்டறைல கேட்டுப் பாக்கலாம்னு தோணும், ஆனா பம்ப் ஷாஃப்ட் கடையற ஆளுகிட்ட போயி ரெண்டு மில்லில குழல் கடைஞ்சு குடுங்கன்னா சிரிப்பாங்க, அவங்க சக்குல இது நிக்கவே நிக்காதுங்க. அதுக்குப் பதிலா மெலிசான அலுமினியக் குழாயோ பித்தளைக் குழாயோ வாங்கி, கை ட்ரில் மெஷின்ல மாட்டி, மெதுவா சுத்த விட்டு, வாய்க்குள்ள கூர்மையான எஃகு ஊசியை சாய்ச்சுப் பிடிச்சீங்கன்னா வாய் தானா பூ மாதிரி விரியுமுங்க. ஊசி முனைல சொட்டு எண்ணெய் தொட்டுக்கோணும், இல்லாட்டி உலோகம் பிசிறு அடிக்கும். விரிஞ்சதும் சுத்த விட்டபடியே ஓரத்தை ரெண்டாயிரம் நம்பர் தாள்ல தொட்டு எடுத்துட்டு, வேணுங்கற உயரத்துல வாள் வெச்சு அறுத்துருங்க. ஆறும் ஒரே உயரம் வரோணும்னா ஒரு மரத்துண்டுல அந்த ஆழத்துக்கு துளை போட்டு, குழாயை அதுல எறக்கி, மேல நீட்டிட்டு இருக்கறதை அரத்துல தேச்சு விட்டுருங்க. கண்ணு பாத்து அறுத்தா ஆறுல ரெண்டு கோணலாத்தான் நிக்கும்.

பித்தளைல பண்ணா மேல வெள்ளி நிறம் அடிக்கோணும், அலுமினியம்னா அப்படியே விட்ரலாம், நிஜத்துலயும் அதேதானுங்களே.

புதுசு_77

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். நான் இன்னும் பெட்டில இருக்கற மாதிரியே கட்டறவன். ஸ்டைரீன் ஷீட்னு சொல்ற பிளாஸ்டிக் தகடு இல்லாம இதெல்லாம் பண்ண முடியுமா? சென்னைல கம்பி, குழாய் எங்க வாங்கறீங்க?

அரைமில்லி

@புதுசு_77 ஷீட் ஆன்லைன்ல வாங்கிக்கோங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஆர்க்கிடெக்ட் மாடல் சாமான் விக்கற கடைலயும் கிடைக்கும். மத்ததெல்லாம் ஊருக்குள்ளயே இருக்கு:

ரிச்சி ஸ்ட்ரீட்ல எனாமல் செம்புக் கம்பி கேஜ் சொன்னா வெட்டிக் குடுப்பான். அங்கயே சால்டரிங் லெட் வாங்கிக்கோங்க, எக்ஸாஸ்ட் குழாய்க்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது, 1.6 மி.மீ. லெட்டுன்னா நிஜத்துல 38 மி.மீ. குழாய், விரலாலயே வளைக்கலாம், மடங்காது, நசுங்காது. மெடிக்கல் ஷாப்ல ஊசி: 21 கேஜ் வெளி விட்டம் 0.8, 23 கேஜ் 0.64, 26 கேஜ் 0.46. ஹோஸ் முனைல வர்ற ஃபிட்டிங், மூடிக்கு கீல், எல்லாம் இதுலதான். இசைக்கருவிக் கடைல கிடார் கம்பி, 0.008 இஞ்ச் கம்பின்னா சரியா 0.2 மி.மீ., பிரேக் பைப்புக்கு அளவெடுத்த மாதிரி. அதே கிடார்ல தடிச்ச கம்பி மேல சுத்தி வந்திருக்கும் பாருங்க, அது பின்னல் ஹோஸுக்கு. ஆனா அதை எல்லா இடத்துலயும் போட்டுத் தள்ளாதீங்க, 1979 ரேலி காரை 2020 ஷோ கார் ஆக்கிடுவீங்க.

மாத்திரை அட்டை பின்னாடி இருக்கற ஃபாயில் ஹோஸ் கிளாம்புக்கு. பார்சல் சாப்பாடு வர்ற அலுமினிய டப்பா ஃபயர்வால் (கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுச் சுவர்) தகடுக்கு, ஹீட் ஷீல்டுக்கு. குண்டூசித் தலையை போல்ட்டா வெக்கற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்ருங்க, உருண்டையா இருக்கறது போல்ட் தலை இல்ல.

நீலஸ்ட்ராடோஸ்

அப்டேட். கிட் வீல்பேஸ் அளந்தேன், சரியாத்தான் இருக்கு. பின் மூடியை அறுத்தாச்சு, கத்தியோட முதுகுப் பக்கத்தை வெச்சு பேனல் கோட்டுலயே திரும்பத் திரும்ப இழுத்தேன், தானா கழண்டு வந்துச்சு. ஓரம் சுரண்டற வேலை ஓடிட்டிருக்கு. பிளாக் ஸ்டைரீன் அடுக்கி ஒட்டிட்டேன், ஹெட் ரெண்டும் 65 டிகிரி அட்டை மேல காயுது. கேம் கவர் (ஹெட்டோட மேல்மூடி) நாலும் எம்-சீல்ல. பிசைஞ்சு ஒரு பட்டையா உருட்டி, பாதி இறுகுனதும் ஈரக் கத்தியில நறுக்கி, முழுசா இறுகுனப்புறம் தேச்சேன். ஸ்டைரீனை விட இதுல முனை மழுங்கல் இயல்பா வருது, வார்ப்புல வந்த பொருள் மாதிரியே இருக்கு.

அடுத்து பிளக் ஒயர். பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டர்ல ஆறு ஓட்டை போட்டாச்சு. மூணு ஒயரை இந்தப் பக்கம் மூணை அந்தப் பக்கம் விட்டா போதும்தானே?

யாழ்_மெக்கானிக்

நில்லுங்கோ நில்லுங்கோ. பக்கத்து பக்கத்து மூண்டையும் ஒரே பாங்குக்கு விடாதைங்கோ. இந்த எஞ்சின்ர ஃபயரிங் ஓர்டர் (சிலிண்டர் எரியிற வரிசை) 1-4-2-5-3-6. ஒரு பாங்கில 1, 2, 3, மற்றப் பாங்கில 4, 5, 6. டிஸ்ட்ரிபியூட்டர் கப்பில வயர் இருக்கிறது ஃபயரிங் ஓர்டர்படி. அப்ப 1 இந்தப் பக்கம், அடுத்தது 4 அந்தப் பக்கம், பிறகு 2 இந்தப் பக்கம், 5 அந்தப் பக்கம். அதாவது கப்பைச் சுத்தி வரேக்க ஒண்டுவிட்டு ஒண்டு பக்கம் மாறும், வயர்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்கால ஓடித்தான் போகும். படத்தில அந்த இடம் சிக்கலாத் தெரியிறது இதாலதான். மூண்டு மூண்டாப் பிரிச்சு விட்டா வடிவா இருக்கும், ஆனா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது!

பிளக் இருக்கிறது ஒவ்வொரு ஹெட்டிலயும் ரெண்டு கேம் கவருக்கும் நடுவில உள்ள பள்ளத்துக்குள்ள. வயர் வெளிப்பக்கத்தால சுத்தி வராது, அந்தப் பள்ளத்துக்குள்ளதான் இறங்கவேணும்.

ரெசின்ராஜா

ஸ்டார்ட் ஆகாதாம்ல 😂 சரி இந்த மேட்டர் என் ஃபைல்ல கூட இல்ல, ஒத்துக்கறேன். கார்புரேட்டர் நான் போட்டுத் தரவா? வெபர் டவுன்டிராஃப்ட் பாடி மட்டும் மூணு பிரிண்ட், ட்ரம்பெட் நீங்க பண்ணதையே வெச்சுக்கோங்க. ரெசின்ல ட்ரம்பெட் போட்டா விளிம்பு தடியாத்தான் வரும், மெலிசா போட்டா கை பட்டதும் உடையும், அதுல உலோகத்தை அடிச்சுக்க முடியாது.

நீலஸ்ட்ராடோஸ்

@ரெசின்ராஜா ஒண்ணே ஒண்ணு மாஸ்டரா போட்டு அனுப்புங்க ப்ரோ, சிலிக்கான் அச்சு எடுத்து மூணா நான் வார்த்துக்கறேன். அப்ப நம்ம ரெண்டு பேர் கட்சியும் ஜெயிச்ச மாதிரி.

அரைமில்லி

கார்புரேட்டர் வந்ததும் மொத்தமா வெள்ளி அடிக்காதீங்க. வெபர் பாடி பளபளன்னு இருக்காது, மங்கின சாம்பல். ஜெட் இருக்கற இடத்துல மட்டும் பித்தளை நிறத்துல ஊசிமுனைப் பொட்டு. லிங்கேஜ், ஸ்பிரிங் பிராக்கெட் மாதிரி சின்ன எஃகு பார்ட் சிலதுக்கு மஞ்சள் முலாம், வெள்ளி மேல கிளியர் மஞ்சளும் துளி பச்சையும் கலந்து ரொம்பத் தண்ணியா பூசுனா வந்துடும். ஐப்பசி கார்த்திகைல சென்னைல லாக்கர் அடிக்கறதா இருந்தா மழை நிக்கற நாள் பாத்து அடிங்க, வெள்ளையாப் பூத்துடும்.

இன்னொரு சந்தேகம். நீங்க பாக்கற ரெஃபரன்ஸ் படம் எந்த வருஷத்துது? இணையத்துல முதல்ல வர்ற ஸ்ட்ராடோஸ் எஞ்சின் படம் முக்கால்வாசி இப்ப ரெஸ்டோர் பண்ணி ஏலத்துக்கு விட்ட கார். அதுல சிலது 24 வால்வ் ஹெட். டார்னிஷ் காருக்கு அது ஆகாது, 1978ல இருந்து விதி மாறி 24 வால்வ் ஹெட்டுக்கு தடை வந்துடுச்சு, அதனால 79 மாண்டில ஓடுனது 12 வால்வ்.

நீலஸ்ட்ராடோஸ்

12 வால்வ்தான் கட்டறேன் சார், அதுக்காகவும்தான் 79 எடுத்தேன், ரோட் கார் எஞ்சின் படம் பாதி உதவும்னு. ரெஸ்டோர் பண்ண கார் படத்தை பார்ட் எங்க இருக்குன்னு பாக்க மட்டும் வெச்சிருக்கேன், நிறத்துக்கும் அழுக்குக்கும் அந்தக் காலத்து சர்வீஸ் படம்தான்.

அழுக்கு எவ்ளோ போடலாம்? எண்ணெய்க் கறை, மண்ணுன்னு கொஞ்சம் தாராளமா போடலாம்னு ஆசை.

யாழ்_மெக்கானிக்

மாண்டி கார்லோ எண்டா தை மாத அல்ப்ஸ் மலை, தம்பி. செம்மண் எங்கயிருந்து வரும்? கென்யாவில சஃபாரி ரலிக்குப் போன ஸ்ட்ராடோஸ் எண்டா அது வேற கதை, 1975இல முனாரி ரெண்டாவது, வால்டிகார்ட் மூண்டாவது, அந்தக் காருக்கு எவ்வளவு சிவப்பு மண்ணும் பூசலாம். இதுக்கு வேணுமெண்டது உருகின பனியும் றோட்டு உப்பும், காஞ்சா வெள்ளையும் சாம்பலுமா மெல்லிய படை. அதுவும் கீழ்ப்பக்கம், வீல் ஆர்ச், கீழ் ஆர்ம், கியர்பொக்ஸ் அடி. மேல கார்புரேட்டர் பக்கம் ஒவ்வொரு சர்வீஸிலயும் மெக்கானிக் கை வைக்கிற இடம், அங்க அழுக்குப் படை நிக்காது, கை பட்ட எண்ணெய் மினுக்கம்தான் நிக்கும். எக்ஸோஸ்ட் மானிஃபோல்ட் மாத்திரம் துருப்பிடிச்ச மண்ணிறமும் சாம்பலும். நீலமும் ஊதாவும் அடிச்சு வானவில் ஆக்கிப்போடாதைங்கோ, அது பளபளப்பான ஸ்டெயின்லெஸ் குழாயிலதான் எடுப்பாத் தெரியும்.

பத்தர்மகன்

கீல் பத்தி யாரும் சொல்லலீங்களே. பின் மூடி பின்னாடி பம்பர் பக்கத்துல இருந்து சாயறதுனால கீல் வெளிய தெரியாதுங்க. 23 கேஜ் ஊசிய மூணு துண்டா அறுத்து, நடுத்துண்டை சேஸிஸ்ல, ஓரத்துண்டு ரெண்டையும் மூடில ஒட்டி, உள்ள 0.3 கம்பி விட்டுருங்க. பசை ஓட்டைக்குள்ள எறங்காம இருக்கோணும்னா கம்பில முதல்ல துளி வேசலின் தடவிக்குங்க. ஊசிய கட்டிங் பிளேயர்ல வெட்டாதீங்க, வாய் நசுங்கி அடைச்சுக்கும், அரத்தோட முனைல சுத்திக் கோடு போட்டு ஒடிச்சு எடுங்க.

புதுசு_77

எல்லாம் படிச்சதுக்கப்புறம் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. கியர்பாக்ஸ் அடி, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல போற முன் பாங்க் எக்ஸாஸ்ட், இதெல்லாம் மூடியைத் திறந்தாலும் தெரியாதே. அதையும் கட்டணுமா?

அரைமில்லி

தெரியாததைக் கட்டாதீங்க. டார்ச் அடிச்சு பாக்கற கோணத்துல தெரியுதான்னு பாருங்க, தெரியலன்னா கறுப்பு அடிச்சு விட்ருங்க. அந்த நேரத்தை மூடி ஓரத்துல போடுங்க.

யாழ்_மெக்கானிக்

நான் கட்டுவன். முன் பாங்க் எக்ஸோஸ்ட் இல்லாட்டி மூண்டு சிலிண்டர் புகை எங்க போறது? எனக்கு அது தெரியும்தானே.

நீலஸ்ட்ராடோஸ்

முன் எக்ஸாஸ்ட் லெட்ல வளைச்சு வெச்சுட்டேன், அரை மணி நேர வேலைதான், கியர்பாக்ஸ் அடி மட்டும் கறுப்பு. ரெண்டு பேரும் திட்டலாம்.

இப்ப எஞ்சின் பே ரெண்டு பக்கத்துலயும் பெட்ரோல் டேங்க், அப்புறம் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் மேல்முனை பிடிக்கற பாக்ஸ் ஃப்ரேம், இது ரெண்டும் பாக்கி. ஃப்ரேமை ஸ்டைரீன் பட்டைல கட்டினா முனை ரொம்ப கூரா வருது, நிஜத்துல மடிச்ச தகடு, முனை லேசா உருண்டிருக்கும். தாள் போட்டு தேச்சா கோடே போயிடுது. வேற வழி இருக்கா?

பத்தர்மகன்

தேய்க்காதீங்க. எக்ஸ்ட்ரா தின் பசையை பிரஷ்ல தொட்டு முனை மேல ஒரே ஒரு இழுப்பு, பிளாஸ்டிக் தானா இளகி உருண்டுக்குமுங்க. ஒரு மணி நேரம் தொடாம வெச்சுருங்க.